என் கோச்சியும் அவள் கட்டையும்

1998ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம். இலங்கையில், கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால், நான் என் கையால் செய்த கோச்சி முதன்முதலாக ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இந்தப் பக்கம் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து போகிற கோச்சி!

அந்தத் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் நான் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். என் மனைவிக்கு அங்கேயே புகையறையில் வேலை. ஈர ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்ட டிராலிகளைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய்ப் புகை போடுகிற அறைக்குள் விடவேண்டும். முந்திய வருஷம் பழைய புகையறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கழற்றிய தண்டவாளமும் டிராலிகளும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கோச்சியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தோட்டத்து மானேஜர் பெரிய துரையிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எடுத்துக்க. ஆனா ஒரு பிள்ளைக்கு அடிபட்டாலும் இரும்பும் போகும், ஒன் வேலையும் போகும்" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஏழு மாதம் ஆனது. பக்கத்துக் கிராமத்து முதலாளி ஒருவர் கொடுத்த பழைய தண்ணீர்ப் பம்பு இஞ்சின், அதைச் சக்கரத்தோடு சேர்க்க ஒரு பெல்ட், தார் பீப்பாயை வெட்டிச் செய்த உடம்பு, ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்து வைத்த புகைபோக்கி. பின்னால் இரண்டு டிராலிகளில் பலகை அடித்து இருக்கை. லயத்திலிருந்து கீழே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை இருநூறு அடித் தண்டவாளம், நடுவில் லேசான இறக்கம். கடைசியில் இரண்டு பழைய டயர்களை அடுக்கி வைத்தேன். அதற்கு அப்பால் பத்தடிப் பள்ளம், அடியில் ரோடு.

லயமே என்னைக் கேலி செய்தது. "என்னா பிட்டர், கொழும்புக்கு எப்ப டிக்கெட் குடுப்பீங்க?" என்று வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் விடவில்லை. கோச்சியின் நெற்றியில் சிவப்புப் பெயின்டால் என் பெயரை இவ்வளவு பெரிதாக எழுதினேன்!

என் மனைவி மட்டும் கேலி செய்யவில்லை. ஒருநாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஓடுறது சரி. இத எப்பிடி நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"இஞ்சின அமத்துனா தன்னால நிக்கும். நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்."

"வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தீங்க. வெறும் டிராலி கையால புடிச்சாலே நிக்கும். ஷீட்டு நெறஞ்சா நிக்காதுங்க."

"இதெல்லாம் மெஷின் வேல, ஒனக்கு வெளங்காது" என்றேன். பதினாலு வருஷமாக டிராலி தள்ளுகிறவளிடம் சொன்னேன், பாருங்கள். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு லயமே திரண்டு நின்றது. கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எட்டுப் பேரை ஏற்றினேன். முன் டிராலியில், என் முதுகை ஒட்டி என் மகள். கடைசி டிராலியில் என் மனைவி தானாகவே ஏறி உட்கார்ந்தாள். புகையறைப் பெண்கள் இடுப்பில் கயிறு கட்டி ஓர் ஆப்புக்கட்டை வைத்திருப்பார்கள். டிராலி ஓடிவிடாமல் சக்கரத்துக்கு முன்னால் போடுகிற ரப்பர் மரக் கட்டை. நல்ல நாளும் அதுவுமாகப் புதுச் சேலைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இத எதுக்குடி கட்டிக்கிட்டு வந்த, மானம் போகுது" என்று முணுமுணுத்தேன்.

"யமு, யமு!" என்று சிங்களப் பிள்ளைகள் கத்த, எங்கள் பிள்ளைகள் "போவோம், போவோம்!" என்று கத்த, இஞ்சினை முடுக்கினேன். ஆகா, அந்தப் பெருமையை எப்படிச் சொல்வேன்! கேலி செய்த வாயெல்லாம் பிளந்து நின்றது.

இறக்கம் வந்தது. இஞ்சினை அமர்த்தினேன். கோச்சி நிற்கவில்லை. எட்டுப் பிள்ளைகளின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. பட்டென்று பெல்ட் கழன்று என் காலடியில் விழுந்தது. அதோடு என் கையில் ஒன்றும் இல்லை. டயர் கிட்டே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குதித்துப் பிடிக்கலாமென்றால் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம். கட்டையைக் கயிற்றோடு சக்கரத்துக்கு முன்னால் போட்டிருந்தாள் என் மனைவி. தண்டவாளத்தில் இழுபட்ட கட்டையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. கோச்சி ஒரு குலுக்குக் குலுக்கி, டயருக்கு மூன்றடி முன்னால் நின்றது.

பிள்ளைகள் கைதட்டி, "இன்னொருக்கா!" என்றார்கள். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. நான் இறங்கித் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கோச்சி நல்லாத்தாங்க ஓடுது. நிப்பாட்ட ஒண்ணு செய்ங்க, நான் சொல்லித் தாறேன்" என்றாள். எட்டுப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு பிரேக் வைக்காமல் ஒருவரையும் ஏற்றவில்லை. அவள் சொன்ன மாதிரியே, காலால் மிதித்தால் நாலு கட்டைகள் சக்கரத்தை அமுக்குகிற மாதிரி செய்தேன். டிராலி நிறைய மண்மூட்டை ஏற்றி, இறக்கத்தில் இருபது தடவை நிறுத்திப் பார்த்தோம். சித்திரை வருஷப்பிறப்பன்று ஊரே ஏறியது. துரைகூட முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார். கடைசி டிராலியில் என் மனைவி கார்டு. கோச்சி நெற்றியில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினேன். இடம் போதாமல் என் பெயரில் பாதியை அழிக்கவேண்டி வந்தது.

அந்தக் கட்டை இன்றைக்கும் ஸ்பேனர், சுத்தியல் வைக்கிற என் ஆயுதப் பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது, ஒரு பக்கம் கருகி, சக்கரம் ஏறிய தழும்போடு. "கோச்சி செஞ்ச பிட்டர் இவருதான்" என்று யாராவது காட்டினால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது; ஆனால் ஓட்டியவன் நான், நிறுத்தியவள் அவள் என்று கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லும்போதுதான் பெருமை இன்னும் கூடுதலாக இருக்கிறது.