காருக்குக் கட்டிய இடம்

எங்கள் எழுவைதீவில் அப்போது கார் கிடையாது. கார் ஓடுவதற்கு ஒழுங்கான ரோட்டும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு போர்ட்டிக்கோ இருந்தது.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தெற்கே காலி நகரத்தில் ஒரு முதலாளியின் கடையில் வேலைக்கு நின்றார். எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். ஓலை வீட்டைக் கல்வீடாக்கவென்று அவர் வந்து நின்றபோது, சீமெந்தும் கம்பியும் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கின. வீட்டின் அமைப்பு முழுவதும் அவருடைய தலைக்குள் இருந்தது. முதலாளியின் வீடு எப்படியோ அப்படியே, அளவில் மட்டும் சிறிது. வாசலுக்கு முன்னால், கார் வந்து நிற்பதற்கு மூன்று பக்கமும் திறந்த போர்ட்டிக்கோ.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குசினி யன்னலை மற்றப் பக்கம் வையுங்கோ. இந்தப் பக்கம் வைச்சால் சோளகக் காத்து உள்ளுக்க அடிக்கும். புகைக்குள்ள நிண்டு சமைக்க இனி என்னால ஏலாது."

"முதலாளி வீட்டில இந்தப் பக்கந்தான்" என்றார் ஐயா. அந்த வீட்டில் சமைத்தவர்கள் இருமினார்களா என்று அவர் விசாரித்திருக்க மாட்டார்.

வீடு முடிந்தது. ஐயா காலிக்குப் போனார். சோளகம் வந்தது. அந்தக் காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாது. யன்னலைத் திறந்தால் புகை அம்மாவின் முகத்தில் திரும்பி அடிக்கும். சாத்தினால் குசினிக்குள்ளேயே சுற்றும். அம்மா இருமி இருமிச் சோறு வடிப்பார். பிறகு சுவரில் சாய்ந்தபடி, சாப்பிடவும் அலுத்துப்போய் இருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் அலுக்கிறது.

ஒரு நாள் காலையில் அடுப்புக் கற்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்ட்டிக்கோவில் வைத்து நெருப்பு மூட்டினார். புகை தன் பாட்டில் வெளியே போனது. எனக்கோ பெரிய வெட்கம்.

"கார் வந்தால் எங்க விடுறது?" என்று கேட்டேன்.

"வரட்டும். அதுக்கும் ஒரு பிடி சோறு போடுவம்."

திருவிழாவுக்கு ஐயா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். போர்ட்டிக்கோவின் வெள்ளையடித்த மேல்தட்டு அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. அம்மா எழும்பவில்லை. சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டுமே. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து, ஐயா வெடிப்பார் என்று காத்து நின்றேன்.

அவர் பையை வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தார். நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி வீட்டுப் போர்ட்டிக்கோவிலதான் நான் படுக்கிறனான்" என்றார் அம்மாவிடம். "வேலைக்குப் போன நாள் துவக்கம் அதுக்குள்ளதான். உள்ளுக்க வா எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கெண்டு ஒண்டு கட்டோணும் போல கிடந்தது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "காருக்குப் பக்கத்திலயோ, ஐயா?"

"ஓம் பிள்ளை. காருக்குப் பக்கத்திலதான்."

அம்மா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இங்கேதான் புகை இல்லையே என்று நான் யோசித்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் ஐயா காருக்குப் பக்கத்தில் படுக்கிறவர் என்று எல்லாருக்கும் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஐயா குசினியின் மற்றச் சுவரை உடைத்து யன்னலுக்கு இடம் எடுத்துக்கொண்டிருந்தார். தூசி படிந்த அவருடைய கையைப் பிடித்து இழுத்து, "வாங்கோ ஐயா, நீங்களே வந்து அவையளுக்குச் சொல்லுங்கோ" என்று அடம்பிடித்தேன்.