ஜுலேகாவின் அடுப்படிக்குக் கீழே

இந்தோனேசியாவின் பண்டா நெய்ரா தீவில் ஜுலேகாவின் அடுப்படி பாதி கரைமேல், பாதி கடல்மேல் நிற்கிறது. பின்கதவைத் திறந்தால் தண்ணீர்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் உடைந்த சட்டி, விரிசல் விட்ட பீங்கான், ஜாதிக்காய் ஓடு எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போகும். கீழே ஒரு மேடே ஆகிவிட்டது.

அந்த மேட்டைப் பார்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பகலெல்லாம் எதிர்த்தீவின் எரிமலையடியில் பவளப்பாறை பார்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் முதுகில் காற்றுக்குடுவையோடு அவள் அடுப்படிக்குக் கீழே வந்து குப்புறக் கிடப்பார்கள். மேலே மீன் குழம்பு கொதிக்கும், கீழே அவர்கள் மூச்சு குமிழ் குமிழாக வெடிக்கும்.

"என் குப்பையில அப்படி என்னடா இருக்கு?" என்று அவர்களைக் கூட்டிவரும் ருஸ்டாமைக் கேட்டாள்.

"மீன்தான்க்கா."

"சந்தையில கூடை கூடையாக் கெடக்கே, அதைக் காட்டேன்."

"இது வேற. எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"போடா, நானாவது எறங்குறதாவது!"

படகு கட்ட ஒரு துறை வேண்டும் என்று புருஷன் ஹம்சாவை வருஷக்கணக்காக நச்சரித்தவள் அவள்தான். அவனும் ஒருவழியாக ஆள் பேசிவிட்டான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மேட்டை அள்ளிவிட்டுத் தூண் நடுவதாக ஏற்பாடு. அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது. அள்ளிவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று சாகும்வரை தெரியாதே!

"டச்சுக்காரன் விட்டுட்டுப் போன தங்கமா இருக்கும்" என்று ஹம்சா சிரித்தான்.

"தங்கம்னா உங்களுக்கு முன்னாடி நானே அள்ளியிருப்பேன்."

வியாழன் சாயங்காலம் ருஸ்டாமின் முக்குளிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லுங்கியை இறுக்கி முடிந்து, பின்கதவு ஏணியைப் பிடித்தபடி தலையை முக்கினாள். முதலில் மூக்கில் உப்புத்தண்ணீர்தான் ஏறியது. மறுபடி முக்கினாள். அவள் போட்ட ஓடுகளுக்கு இடையிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. ஆரஞ்சு உடம்பு முழுக்க நீலக் கோலம். கல்யாணத்துக்குக் கட்டும் பத்திக் துணிகூட அத்தனை அழகில்லை. அதன் ஜோடியும் வந்தது. இரண்டும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி மெல்ல மேலே மிதந்து, சட்டென்று பிரிந்து ஓட்டுக்குள் ஓடின.

"ஜுலேகா! குழம்பு தீயுது!"

தலையைத் தூக்கினாள். "தீயட்டும். நீங்க எறங்குங்க."

ஹம்சா முனகிக்கொண்டே இறங்கினான். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

"இத்தனூண்டு மீனு. வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது."

"வறுக்கவா சொன்னேன்? துறைய மசூதிப் பக்கம் தள்ளிக் கட்டுங்க."

"அங்க அலை அடிக்கும்டி. துறை வேணும்னு கேட்டதே நீதானே!"

"இப்பவும்தான் கேக்குறேன். அந்தப் பக்கம்."

துறை மசூதிப் பக்கமே அமைந்தது. மேற்குக்காற்றில் படகு தூணில் இடிக்கும்போதெல்லாம் ஹம்சா அவளை முறைப்பான். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. ருஸ்டாமைப் பிடித்து நிறுத்தி, அந்த மீன் பகலில் என்ன தின்னும், குஞ்சு எங்கே வளரும் என்று துளைத்துக்கொண்டிருப்பாள்.

"தெரியலக்கா."

"தெரியாமத்தான் உலகத்தையே கூட்டிட்டு வர்றியா? நாளைக்கு அவங்ககிட்டக் கேட்டுட்டு வா."