நடுக்கண்ணாடி

கண்ணாடிக்கடைக்காரருக்கு அக்கா வீட்டுக்காரர் மேல் பதினோரு வருஷக் கோபம். காரணம் ஒரு மீன் தொட்டி. கண்ணாடி அறுப்பதையே பிழைப்பாகக் கொண்ட மச்சான் ரெண்டு தெரு தள்ளி இருக்க, அத்தான் வேறெவன் கடையிலோ போய் நாலடி உப்புத்தண்ணீர் தொட்டி வாங்கி வந்துவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போனால் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் இவர் உட்காருவார்.

அத்தான் பல்செட்டு செய்கிறவர். ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். மெழுகில் பல்லைப் பதித்து, பக்கத்துப் பல்லோடு அளவும் நிறமும் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று சொன்னார். பல் வேலை போயிற்று. தொட்டி மட்டும் மிஞ்சியது.

அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது பெட்டை, சின்னது ஆண். சின்னது ஒருநாள் துள்ளி வெளியே விழுந்து செத்தது. பெட்டை மூலையில் போய் நின்றுகொண்டது. அத்தான் அதற்குத் துணை தேடினார். நாற்பது வருஷப் பழக்கம் விடுமா? பல் பொருத்துகிற மாதிரியே அளவு பார்த்து, நிறம் பார்த்து, அச்சில் வார்த்ததுபோல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்.

அங்கேதான் தப்பு. புதியதும் பெட்டைதான். கோமாளி மீன் குஞ்சில் எல்லாம் ஆண்தான்; பெரிசாகிறதுதான் பெட்டையாகும், ஆகிவிட்டால் திரும்ப ஆணாகாது. ஒரு வீட்டில் ரெண்டு எஜமானி. சாயங்காலத்துக்குள் புதியதின் வால் கந்தல் துணியாகிவிட்டது. மீன்கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பாதி அளவில் ஒரு குஞ்சைக் கொடுத்து, நடுவில் தடுப்பு வைத்துப் பழக்கச் சொன்னார்.

இதையும் கடித்தால் தொட்டியையே எடுத்துவிடலாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அத்தான் மச்சானின் கடைப்படி ஏறினார்.

"ஒரு தடுப்புக் கண்ணாடி வேணும் மச்சான். ஓட்டை போட்டு. தண்ணி போகணும், மீன் போகக் கூடாது."

"ஏன், தொட்டி வித்தவன் கடையை மூடிட்டானா?"

அத்தான் சிரித்தார். "தொட்டின்னா என்னைக்காவது ஒழுகும். ஒழுகினா செஞ்சவனைத் திட்டணும். உன்னைத் திட்டிட்டு உங்கக்கா கையால சாப்பிட முடியுமா?"

இவர் டேப்பை எடுத்தார். துளைக்கிற இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டு நாற்பது ஓட்டை. முப்பத்தொன்பதாவதில் கண்ணாடி கீறல் விட்டது. வேறொன்றை அறுத்து முதலிலிருந்து போட்டார்.

அப்புறம் கண்ணாடியைப் பார்க்க என்று சாக்குச் சொல்லி தினமும் மத்தியானம் போனார். இப்போது தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தார். திரை போட்ட அறையில் நீல வெளிச்சம் சுவரெல்லாம் நெளியும். மோட்டார் முனகலில் கண் சொக்கும். நாற்காலி, அலமாரி, அக்காவின் தையல் மிஷின் எல்லாம் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். பெட்டை கண்ணாடியை முட்டும். அந்தப் பக்கம் குஞ்சு ஒருச்சாய்ந்து உடம்பை நடுக்கும். நீதான் பெரிசு என்று அதற்கு அர்த்தமாம். அத்தானின் கையும் முழங்கால்மேல் நடுங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆடுகிறதா, மீன் ஆடுகிறதா, கை ஆடுகிறதா என்று இவருக்குப் பிடிபடாது.

பன்னிரண்டாம் நாள் பெட்டை முட்டவில்லை. ஓட்டைகளுக்கு அருகில் சும்மா நின்றது. அத்தான் எழுந்து தடுப்பின் மேல் கை வைத்தார். தண்ணீர் சிலிர்த்து, ரெண்டும் ஓடி ஒளிந்தன. கையை எடுத்துக்கொண்டார். இவரே எழுந்துபோய், அரை அங்குலம் அரை அங்குலமாகத் தடுப்பைத் தூக்கினார்.

பெட்டை பாய்ந்தது. ஒரு கடி. குஞ்சு ஓடவில்லை, சாய்ந்து நடுங்கியது. இன்னொரு கடி, பாதியிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் பெட்டை திரும்பித் தன் மூலைக்குப் போயிற்று; குஞ்சு ஒரு சாண் தள்ளி, கல்யாண வீட்டுக்குப் புதுசாக வந்த ஆள் மாதிரி, பின்னாலேயே போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் ரெண்டும் ஒரே மூலையில் மிதந்தன.

ஈரக் கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு இவர் கிளம்பினார். அத்தான் வாசல்வரை வந்தார்.

"ஒரு மாசமா தொட்டி அடியில கசியுது மச்சான். உங்கக்காகிட்ட சொல்லல. புதுசா ஒன்னு நீ செஞ்சு குடு. ஒழுகினா திட்டுவேன்."