எடைக்கு எடை வெல்லம்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தும் மனசு ஆறவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சர்க்கரை வியாதி வந்து ஆள் பாதியாக இளைத்துப்போனார். டாக்டர் மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். "இந்த வியாதி கிட்னியக் கெடுக்கும். காலோ முகமோ வீங்கினா உடனே கூட்டிட்டு வந்துடும்மா" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அளந்து சோறு போட்டேன். அதற்குக் கிடைத்த பெயர், புருஷனைப் பட்டினி போடுகிறவள்.

பெயர் வைத்தது அவருடைய அக்கா, என் நாத்தனார். பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்டவர். மலேசியாவிலிருந்து மகன் அனுப்பிய வைட்டமின் மாத்திரைகளோடு ஒருநாள் வந்து இறங்கினார்.

"ரத்தத்துல இருக்குற கசடையெல்லாம் இது எடுத்துடுமாம். கிட்னிக்குக் காவலாம். இதப் போடு தம்பி, அந்த மாத்திரையத் தூக்கிக் கடாசு."

நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "வைட்டமின் வேணும்னா சாப்பிடட்டும். அது கிட்னியக் காப்பாத்தும்னு நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னதும், "அவரு மலேசியாவப் பாத்திருக்காரா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சர்க்கரை மாத்திரையை அதன்பிறகு அவர் தொடவில்லை. சோறும் பழையபடி குவிந்தது.

சில மாதங்களில் கன்னம் உப்பியது, செருப்பு காலுக்குப் பத்தாமல் போனது.

"பாத்தியா, சதை போட்டிருக்கான். நீ எலும்பாக்கி வச்ச, எம்புள்ள மாத்திரை தேத்திடுச்சு" என்றார் நாத்தனார்.

"அண்ணி, அது சதை இல்ல, நீரு. காலை அமுக்கிப் பாருங்க, குழி அப்படியே நிக்குது."

"அவன் தேறுனது உனக்குப் பொறுக்கலயா? கண்ணு வைக்காத புள்ள."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "என்னங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்."

"செருப்பு பத்தலன்னா புதுசு வாங்கிக்கிறேன். அதுக்கு எதுக்குடி டாக்டரு?"

தம்பி உடம்பு தேறினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் குலதெய்வத்துக்கு நாத்தனார் வேண்டியிருந்தார். கோயில் பாடாலூர்ப் பக்கம். தராசின் ஒரு தட்டில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். மறு தட்டில் வெல்லத்தை வைக்க வைக்க அது இறங்கவே இல்லை. கொண்டுபோனது போதாமல் கடைக்கு ஆட்கள் ஓடினார்கள். நாத்தனாருக்குப் பெருமை தாளவில்லை, குலவை போட்டார். வெல்லத்துக்கு ஈடாக அங்கே நிறுத்ததில் எவ்வளவோ வெறும் தண்ணீர். பிரசாதமென்று ஒரு கட்டியை உடைத்து என் வீட்டுக்காரர் வாயிலேயே போட்டார்கள். நான் தடுத்த கையைத் தட்டிவிட்டவரும் அவரேதான்.

அன்று அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. பாடாலூரில் பஸ் பிடித்துத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வெல்லத்தைப் பங்கு வைக்க வேண்டியிருந்ததால் நாத்தனார் எங்களோடு வரவில்லை.