செல்வராசு அண்ணனுக்கு நான் எடுத்துக் கொடுத்த படம்

1. வேலையில் சேர்ந்த நாள்

2001இல் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு விசிடி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "எந்தப் படம் நல்லாருக்கும்னு கேட்டா, எல்லாமே நல்லாருக்கும்னு சொல்லு. நீயா எடுத்துக் குடுக்காத."

ஆறு மாதத்தில் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். காமெடி சிடிகளையே திரும்பத் திரும்ப எடுத்துத் தேய்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். "வேற எதாச்சும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கென்று டப்பிங் படங்கள் சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன். படம் முழுக்கக் கொலையும் ரத்தமுமாக இருக்கும், ஆனால் சிரிப்பை அடக்க முடியாது. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர், ரத்தம் என்றதும் தயங்கித் தயங்கித்தான் எடுத்துப் போனார். மறுநாள் மூன்று நண்பர்களோடு வந்து, "இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கு?" என்றார். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

2. "வீட்ல ஒருத்தன் இருக்கான்"

செல்வராசு அண்ணன் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தார். வாரம் தவறாமல் சனிக்கிழமை வருவார். கவரில் இருக்கும் படத்தைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

2003இல் இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தபோது முகத்தில் தாடி.

"தம்பி, நல்லா சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க. வீட்ல ஒருத்தன் இருக்கான். அவன் கொஞ்சம் சிரிக்கணும்."

யார் என்று நான் கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு படத்தை அவருக்காகவே வைத்திருந்தேன். ஒரு மில்லில் நடக்கும் கதை. அதில் ஒரு மேனேஜர் எந்திரத்துக்குள் விழுந்துவிடுவான். மறுபக்கம் அவனுடைய ஒற்றை ஷூ மட்டும் வந்து விழும். தொழிலாளிகள் அதைத் தூக்கிக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஆபீஸ் ஆபீஸாக அலைவார்கள். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"மொதல்ல திக்குன்னு இருக்கும்ணே. அப்பறம் பாருங்க," என்று சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வந்து கவரை மேஜைமேல் வைத்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஆலையில் கல் போகும் பெல்ட்டில் சிக்கி இறந்திருந்தார். இறந்தவரின் தம்பி குமரேசன், அண்ணன் வேலையைத் தனக்குக் கேட்டு மனு எழுதிக் கொடுக்கக் குன்னத்திலிருந்து வந்து, செல்வராசு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். குமரேசனின் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து குமரேசன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருமாக உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்கள். பாதியில் குமரேசன் எழுந்து வெளியே போனவர், அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

"ஒங்க மேல தப்பு இல்ல தம்பி," என்றார் செல்வராசு அண்ணன். "நாந்தான் வெவரம் சொல்லியிருக்கணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

3. குன்னத்தில்

அடுத்த லீவு நாளில் குன்னத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். குமரேசன் வாசலில் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். தெரியாமல் கொடுத்துவிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்றேன்.

அவர் கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தார்.

"படத்து மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. அந்த ஷூ வந்து விழுந்துச்சுல்ல, நான் சிரிச்சிட்டேன். எல்லாருக்கும் முன்னாடி நாந்தான் சிரிச்சேன். சிரிச்சப்பறந்தான் எங்கண்ணன் ஞாபகம் வந்துச்சு."

அண்ணன் வேலைக்காவது போங்க, அண்ணியும் புள்ளைங்களும் இருக்காங்க என்றேன்.

"போக முடியாதுண்ணே. அந்த பெல்ட்டப் பாத்தா நான் சிரிச்சதுதான் ஞாபகம் வரும்."

உள்ளேயிருந்து அவருடைய அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குமரேசன் கடைசிவரை மனு எழுதிக் கொடுக்கவில்லை. திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் செல்வராசு அண்ணன் சொன்னார். அண்ணி வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போனார்.

2006இல் கடை மூடும்வரை செல்வராசு அண்ணன் வந்துகொண்டுதான் இருந்தார். சிரித்துத்தான் பேசினார். ஆனால் எந்தப் படம் நன்றாக இருக்கும் என்று மட்டும் அதன்பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை. தானே ரேக்கில் தேடி எடுத்துக்கொள்வார்.

இப்போது நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் படம் சொல்கிறீர்கள். கொலையைக் காட்டிச் சிரிக்க வைக்கும் அந்த மாதிரிப் படங்களைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவை நல்ல படங்கள்தான். ஆனால் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் எதிரே நிற்பவரின் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் இருந்த அத்தனை சிடியிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாடியைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.