வண்டிக்காரரின் மெழுகுக் கால்

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவில் அவரை இரண்டு வருஷம் பார்த்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், அவருடைய மச்சான்கள் அவரைத் துணிமூட்டை போல வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். தா.பழூர் வண்டிக்காரர். எலும்பெல்லாம் இளகிப்போய், தும்மினாலே விலா ஒடிகிறது என்றார்கள். சிறு வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன என் காலோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருவருமே மாதாவுக்கு மெழுகில் செய்த கால் காணிக்கை வைத்தோம். அவருக்கு அது முதல் கால். நான் வைத்த கால்களுக்குக் கணக்கே இல்லை.

மறுவருஷம் அவர் நடந்து வந்தார். ஆற்றில் இறங்குகிறவர் போல விரல் நுனியால் தரையைத் தொட்டுப் பார்த்துத்தான் ஒவ்வோர் அடியும் வைத்தார். ஆனாலும் நடந்தார். சனங்கள் "புதுமை, மாதா செஞ்ச அற்புதம்" என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணே, எந்த நேர்ச்சை பலிச்சுது?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. குதிகால்ல புளியங்கொட்டையாட்டம் ஒரு கட்டி இருந்துச்சு. படுத்தா பாயில உறுத்துதுன்னு சொன்னேன், அரியலூர் டாக்டர் அறுத்து எடுத்துட்டாரு. அதுலேருந்து வலி கொறைய ஆரம்பிச்சுது. டாக்டருக்கே வெளங்கல. மாதாவா, கட்டியான்னு எனக்கும் தெரியல."

அன்று பூசையில் நான் ஜெபிக்கவில்லை. முந்தானையால் மறைத்துக்கொண்டு, என் காலைத் தொடையிலிருந்து குதிகால் வரை அழுத்தி அழுத்தித் தேடினேன். கடுகளவு கட்டிகூட அகப்படவில்லை.