பிரான்சுக்குப் போன என் பாட்டு

இன்று வில்லியனூரில் பேருந்து ஏறினால் பக்கத்து இருக்கையில் அந்தோணி. சின்ன வயதில் என்னோடு மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவன்.

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிய சில வருடங்களில், ஒரு கோடையில் குழு பிரான்சுக்குப் பாடப் போனது. தனிப்பாட்டு பாடிக்கொண்டிருந்த என்னை மட்டும் பங்குச் சாமியார் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார்.

அறுபது வருடமாகச் சொல்வதையே அந்தோணி இன்றும் சொன்னான்: "ஒனக்கு மகரக்கட்டு ஒடஞ்சி கொரல் மாறிடுச்சுப்பா, அதான்."

"ஒடையலடா. எங்கப்பா இந்தியாவோட சேரணும்னு ஊர்வலம் போனத சாமியார்கிட்ட யாரு சொன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"அங்க என் பாட்ட யாரு பாடுனா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான்தான்" என்றான்.

திருபுவனைக்குச் சீட்டு வாங்கியவன் அரியூரிலேயே இறங்கிவிட்டான். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.